குளிரூற்றின் பெயர்

பெயரைக் கேட்டதும் பிறப்பைக் கேட்பது நம் நாட்டார் பழக்கம். "தங்கள் பெயர்?" என்பார்கள். சொன்னவுடன், "பெயருக்குப் பின்னால்?" என்பார்கள். அந்தப் 'பின்னால்' இன்னதென்று அறிந்த பிறகே, வந்தவரைத் திண்ணையில் அமர்த்துவதா, தெருவில் நிறுத்துவதா, தண்ணீரைச் செம்பில் தருவதா, எட்ட நின்று கையில் வார்ப்பதா என்று முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல நா துணியவில்லை.

பெயரின் வாலுக்கு ஏன் இவ்வளவு வலிமை? பிறவியின் பெருமையும் சிறுமையும் அந்த வாலில் ஒட்டிக்கொண்டு, தந்தையிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு, தேய்வின்றித் தொடர்ந்து வருகின்றன என்ற நம்பிக்கையே காரணம். நம்பிக்கை இருக்கட்டும், அது உண்மைதானா? ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு, அது புறப்பட்ட ஊற்றுக்கண் வரை நடந்து சென்று பார்த்துவிடுவோம். நம்மவர் சாதிப் பெயரை எடுத்தால் கோபம் குறுக்கே வரும். அதற்கும் முன்பாகப் புராணம் குறுக்கே வரும். ஆகவே, கடல் கடந்து வந்த ஆங்கிலப் பெயரொன்றை எடுப்போம். தமிழர் நன்கறிந்த பெயர். தமிழுக்குப் புகழ் சேர்த்த பெயர். கால்டுவெல்!

அந்தப் பயணத்துக்கு முன், நம் கரையிலேயே ஒரு பெயரைப் பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.

குமரி மாவட்டத்தின் மேலைக் கடற்கரையில், குழித்துறை வழியாக ஓடிவரும் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தை அடுத்து இருக்கிறது தேங்காய்ப்பட்டணம். 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த மண் அது. அங்கே 1944இல் பிறந்து, 'சாய்வு நாற்காலி' என்ற நாவலுக்காக 1997இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்று, 2019இல் மறைந்தவர் தோப்பில் முகமது மீரான். 'முகமது' அரபு நாட்டுச் சொல். வணிகக் கப்பல்கள் வந்த கடல் வழியே வந்த பெயர். முன்னால் நிற்கும் 'தோப்பில்' என்ன? அது வீட்டுப் பெயர். மலையாளமும் தமிழும் கைகோத்து நடக்கும் அந்த எல்லைப்புறத்தில், வீடு நின்ற இடத்தைச் சொல்லி ஆளை அடையாளம் காட்டுவது வழக்கம். தோப்பில் வீடு, ஆகவே தோப்பில். எளிய கதை! ஏழாம் வேற்றுமை உருபோடு ஒரு சொல் அப்படியே பெயராகி நின்றுவிட்டது. அதில் தெய்வம் இல்லை, தீட்டும் இல்லை. ஒரு நிலமும் அதில் ஒரு வீடும் மட்டுமே உண்டு.

இங்கிலாந்தில் 'அட்வுட்' என்றொரு குடும்பப் பெயர் உண்டு. 'காட்டருகே' என்பது அதன் பொருள். 'அண்டர்ஹில்' என்றொரு பெயர். 'குன்றடியில்' என்று பொருள். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பும் ஆங்கில நாட்டுக் காடும் ஒரே முறையில் மனிதருக்குப் பெயர் தந்திருக்கின்றன. மனிதன் எங்கும் மனிதன்தான் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

இனி ஆங்கில நாட்டுக்குப் போவோம். 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்றபோது, அங்கிருந்த உழவர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. ஜான் என்றால் ஜான். வில்லியம் என்றால் வில்லியம். ஊரில் நான்கு ஜான்கள் இருந்தால், கொல்லன் ஜான், குன்றடி ஜான், குட்டை ஜான், வில்லியம் மகன் ஜான் என்று பிரித்துச் சொன்னார்கள். நிலமுடையோர் முதலில் அந்த அடைமொழியைப் பரம்பரையாக்கினர். சொத்து மகனுக்குச் செல்லும்போது பெயரும் உடன் சென்றது. நிலமற்றோர் பெயரையும் ஏட்டில் எழுதும் தேவை அரசுக்கு நேர்ந்தது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி விதித்தார்கள். வரி வாங்க வேண்டுமானால் ஆள் அடையாளம் வேண்டும். அடையாளம் ஏட்டில் ஏற வேண்டும். வரி தாளாது 1381இல் உழவர் கிளர்ந்தெழுந்தனர். அவர்தம் தலைவன் பெயர் வாட் டைலர். 'டைலர்' என்றால் ஓடு வேய்பவன். அரசனையே நடுங்க வைத்தவனின் பெயர், கூரை வேயும் தொழிலின் பெயர்!

தொழிலால் வந்த பெயர், தந்தையால் வந்த பெயர், உருவத்தால் வந்த பெயர், ஊரால் வந்த பெயர் என்று ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பெரும்பாலும் நான்கு வகையில் அடக்கலாம். கால்டுவெல் நான்காம் வகை.

பழைய ஆங்கிலத்தில் 'கால்ட்' என்றால் குளிர்ந்த. 'வெல்லா' என்றால் நீரூற்று. குளிர்ந்த ஊற்று, அவ்வளவே. குளிர்ந்த ஊற்று எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் அப்பெயரில் ஊர் தோன்றியது. யார்க்‌ஷயரில் ஒரு கால்டுவெல், டெர்பிஷயரில் ஒரு கால்டுவெல், ஸ்காட்லாந்தின் ரென்ஃப்ரூஷயரில் ஒரு கால்டுவெல். அந்த ஊரை விட்டு வேறூர் சென்றவனை, வந்த ஊரின் பெயரால் அழைத்தனர் பிறர். ஊரிலேயே இருந்தவனுக்கு ஊர்ப் பெயர் எதற்கு? எல்லாருமே அவ்வூரார்தாமே! ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராகச் சுமப்பவன், எப்போதோ ஊரை விட்டுப் பெயர்ந்தவனின் வழியில் வந்தவன். வேர் என்று நாம் நினைப்பது, உண்மையில் நடந்த கால்களின் சுவடு!

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே பெயர், ஊற்றோ பல. யார்க்‌ஷயர்க் கால்டுவெல்லுக்கும் ரென்ஃப்ரூஷயர்க் கால்டுவெல்லுக்கும் ஒரு சொட்டு இரத்தத் தொடர்பும் இருக்கத் தேவையில்லை. இதற்கு மாறாக, தென்கிழக்கு இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் 'சாட்வெல்' என்ற ஊர்ப் பெயர் உண்டு. அதற்கும் பொருள் குளிர்ந்த ஊற்றே. வடக்கே 'க' என்று நின்ற ஒலி, தெற்கே 'ச' என்று திரிந்தது. வேறு வேறு பெயராகத் தோன்றுவன ஒரே சொல். ஒரே பெயராகத் தோன்றுவன வேறு வேறு குடும்பம். பெயரை வைத்துக் குருதியை அளப்பவன், முழக்கோலை வைத்துக்கொண்டு மழையை அளப்பவன்!

'க' 'ச'வாகத் திரிவது தமிழருக்குப் புதிதன்று. கன்னடத்தில் 'கிவி', தமிழில் 'செவி'. கன்னடத்தில் 'கெய்', தமிழில் 'செய்'. இத்தகைய ஒலி உறவுகளை வரிசைப்படுத்தி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் துளுவும் ஒரு குடும்பத்தவை என்று 1856இல் ஒரு பெருநூலால் நிலைநாட்டினார் இராபர்ட் கால்டுவெல். தென்னாட்டு மொழிகள் வடமொழி வயிற்றில் பிறந்தவை அல்ல என்பதை 1816இலேயே எல்லிஸ் எடுத்துக்காட்டியிருந்தார். ஆயினும் அந்தக் கருத்தைக் கோட்டையாகக் கட்டி எழுப்பியவர் கால்டுவெல்லே. வடமொழி நூல்களில் கிடந்த 'திராவிட' என்ற சொல்லை எடுத்து அந்த மொழிக் குடும்பத்துக்குச் சூட்டியவரும் அவரே. பிற்காலத்தில் அந்தச் சொல் ஓர் இயக்கத்தின் கொடியாயிற்று.

அந்தக் கால்டுவெல் குடும்பம் யார்க்‌ஷயரிலிருந்தோ கிளாஸ்கோவிலிருந்தோ நேரே தமிழகம் வந்ததா? இல்லை. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில், 1609 முதல் ஸ்காட்லாந்துக்காரரையும் ஆங்கிலேயரையும் குடியேற்றியது லண்டன் அரசு. அயர்லாந்து மக்களின் நிலத்தைப் பறித்து அதில் நடந்த குடியேற்றம் அது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். அத்தகைய குடியேற்றங்களின் வழியே ஸ்காட்லாந்துப் பெயர்கள் பல அயர்லாந்தில் கால்கொண்டன. அங்கே ஆண்ட்ரிம் கோட்டத்துக் கிளாடி என்ற ஊரில், ஸ்காட்லாந்து வழியினரான பெற்றோருக்கு 1814இல் பிறந்தார் இராபர்ட். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் மீண்டும் கடல் கடந்து கிளாஸ்கோ சென்றது. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பயின்று, லண்டன் மிஷன் சங்கத்தின் பணியாளராக 1837இல் கப்பலேறினார். தெலுங்குக்குத் தொண்டாற்றிய சி. பி. பிரௌன் அதே கப்பலில் உடன் வந்தார். 1838 சனவரியில் சென்னை. 1841இல் நெல்லைச் சீமையின் தேரிக்காட்டு ஊரான இடையன்குடி. குளிரூற்றின் பெயரைச் சுமந்து வந்தவர், நீருக்கு ஏங்கும் செம்மணலில் பல்லாண்டுகள் வாழ்ந்தார்!

இதே பெயரின் இன்னொரு கிளை மேற்கே சென்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் அல்ஸ்டரிலிருந்து அமெரிக்கா சென்ற குடும்பங்களில் கால்டுவெல்களும் இருந்தனர். அத்தகைய குடும்பத்துப் பெண் ஒருத்திக்குத் தென் கரோலினாவில் 1782இல் ஒரு மகன் பிறந்தான். தாயின் குடும்பப் பெயரை நடுப்பெயராகத் தாங்கிய அவன் ஜான் கால்டுவெல் கல்ஹூன். அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராக உயர்ந்தவன். 1837இல் அந்நாட்டு மேலவையில் எழுந்து நின்று, அடிமை முறை தீமையன்று, நன்மையே என்று வாதாடியவனும் அவனே.

ஆண்டைப் பாருங்கள், தோழர்களே! 1837. ஒரு கால்டுவெல், கறுத்த மக்களின் மொழியைக் கற்கக் கப்பலேறிய ஆண்டு. பெயரின் நடுவே அதே கால்டுவெல்லைத் தாங்கிய மற்றொருவன், கறுத்த மக்களைக் கட்டி வைத்த சங்கிலியைப் புகழ்ந்த ஆண்டு. பெயரிலே குணம் இருக்குமானால் இது நடக்குமோ? பிறவியிலே பெருமை இருக்குமானால், அந்தப் பெருமை கிழக்கே வந்தபோது வளர்ந்து, மேற்கே போனபோது வற்றிவிட்டதோ?

மேலும் ஒரு படி செல்வோம். 1865இல் அமெரிக்க அடிமைகள் விடுதலை பெற்றபோது, அவர்களிற் பலர் முன்னாள் எசமானரின் குடும்பப் பெயரையே தம் பெயராகக் கொண்டிருந்தனர். ஆகவே அங்கே ஒரே குடும்பப் பெயர் வெள்ளையரிடமும் உண்டு, கறுப்பரிடமும் உண்டு. சவுக்கைப் பிடித்தவன் வழியினருக்கும் அந்தப் பெயர். சவுக்கடி பட்டவன் வழியினருக்கும் அதே பெயர்! 1925இல் மால்கம் லிட்டில் என்ற பெயரோடு பிறந்தவர், அந்த 'லிட்டில்' அடிமைப்படுத்தியவன் இட்ட பெயர் என்று கூறி, அதை நீக்கிவிட்டு, 'எக்ஸ்' என்று ஓர் எழுத்தை மட்டும் இட்டுக்கொண்டார். கணக்கில் தெரியாத எண்ணுக்கு இடும் குறி அது. பறிக்கப்பட்ட பெயர் இன்னதென்று தெரியாது என்பதையே பெயராக்கிக்கொண்டார் அவர்.

இப்போது மீண்டும் குமரிக் கரைக்கு வருவோம். தேங்காய்ப்பட்டணத்துக்குக் கிழக்கே நெய்யூர். அதற்கும் கிழக்கே நாகர்கோவில். நாகர்கோவிலில் 1819 முதல் பணியாற்றிய சார்லஸ் மால்ட் என்பவரின் மகள் எலைசாவை, 1844இல் மணந்தார் கால்டுவெல். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் கற்பித்தவர் அந்த அம்மையார். திருமண நாளன்றே மால்ட் என்ற பெயர் போயிற்று; கால்டுவெல் என்ற பெயர் வந்தது. குடும்பப் பெயர் என்பது ஆணின் உடைமை, அதில் பெண் குடியிருப்பவள் மட்டுமே என்பது அந்நாட்டு வழக்கம். ஆங்கில நாட்டுப் பெயர் முறையில் சாதி இல்லை என்று மகிழ்வோம். அதில் பெண்ணடிமை இல்லை என்று மட்டும் ஏமாற வேண்டாம்.

நெய்யூருக்கு வருவோம். அங்கே 1828 முதல் பணியாற்றியவர் சார்லஸ் மீட். 'மீட்' என்ற அவருடைய குடும்பப் பெயரை, புல்வெளி என்ற பொருளுடைய சொல் என்று விளக்குவர். மிஷன் விடுதிகளில் பயின்ற ஏழைப் பிள்ளைகளின் செலவுக்கு இங்கிலாந்திலிருந்து பொருள் அனுப்பியோரின் பெயரையே அப்பிள்ளைகளுக்குச் சூட்டும் வழக்கம் அந்நாளில் இருந்தது. ஆங்கில ஊர்ப் பெயர்களும் தொழிற் பெயர்களும், பொருள் அறியப்படாமலே, பனையேறியின் மகனுக்கும் பறையர் மகளுக்கும் வாய்த்தன. பெயர் வந்தது, பெயரோடு குருதி வரவில்லை.

மீட் தம் மனைவியை இழந்த பிறகு, 1850களின் தொடக்கத்தில் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் பறையர் குடியிலிருந்து கிறித்தவம் தழுவிய குடும்பத்துப் பெண். அவர் பெயர் லோயிஸ் பிடல்ஃப். பிடல்ஃப்! இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயரில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது. 'தோண்டிய குழியருகே' என்பது அதன் பழம் பொருள். தூய ஆங்கிலப் பெயர். வேதப் புத்தகத்துப் பெயர் முன்னால்; ஆங்கில ஊர்ப் பெயர் பின்னால். நடந்தது என்ன? திருவிதாங்கூரிலிருந்த ஐரோப்பியர் திகைத்தனர், சீறினர். உடன் பணியாற்றியோர் ஒதுக்கினர். மீட் அச்சங்கத்தின் பணியை விட்டு விலக நேர்ந்தது. பின்னர்த் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்குக் கண்காணிப்பாளராகி, 1873இல் அவர் மறைந்தார்.

இங்கேதான் பாடம் இருக்கிறது. 'எல்லாரும் ஒரே தந்தையின் பிள்ளைகள்' என்று போதித்தவர்களே, அந்தப் பெண்ணின் ஆங்கிலப் பெயரைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்னால் மறைந்திருந்த சாதியைத் தேடிப் பார்த்தனர். வால் மாறினாலும், வாலைத் தேடும் கண் மாறவில்லை! புதுப் பெயர் பூண்டால் பழைய இழிவு தானே அகலும் என்று எண்ணுவோர் லோயிஸ் அம்மையாரின் கதையை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கால்டுவெல்லும் இதற்கு விலக்கல்லர். தமிழின் தனித்தன்மையை உலகுக்கு உரைத்த அதே பேரறிஞர், 1849இல் நெல்லைச் சீமை நாடார் மக்களைப் பற்றி எழுதிய நூலில், உழைத்து வாழும் ஒரு சமுதாயத்தை இழித்துரைத்தார். அம்மக்கள் பின்னர் எழுந்து கண்டித்தனர், நியாயமான கண்டனம். குளிரூற்றின் பெயரைச் சுமந்தவர் பேனாவிலிருந்தும் சுடுநீர் சிந்தியதுண்டு. அவருடைய தொண்டைப் போற்றுவோம், தவற்றைத் தவறென்போம். ஆளை வணங்குவது பகுத்தறிவாகாது. ஆய்ந்து மதிப்பதே பகுத்தறிவு.

வேடிக்கை ஒன்று கேளுங்கள். இவ்வளவு தொலைவு நடந்து வந்த பெயருக்கு நம்மவர் ஒரு வாலைச் சேர்த்தார்கள். 'கால்டுவெல் ஐயர்' என்றார்கள். போப்பையரும் அப்படி வந்தவரே. ரா. பி. சேதுப்பிள்ளை எழுதிய வரலாற்று நூலின் பெயரே 'கால்டுவெல் ஐயர் சரிதம்'. அயர்லாந்தில் பிறந்தவர் எந்த அக்கிரகாரத்து ஐயர்? இங்கே 'ஐயர்' என்பதற்குப் பெரியவர், மதிப்புக்குரியவர் என்றே பொருள். தொல்காப்பியத்திலும் வரும் பழந்தமிழ்ச் சொல் அது. மதிப்புச் சொல்லாக ஊருக்குப் பொதுவாயிருந்தது, பின்னாளில் ஒரு சாதிக்கு முத்திரையாயிற்று. வாலாக ஒட்டிய சொற்களுக்கும் பிறப்பு உண்டு, வளர்ச்சி உண்டு, திரிபு உண்டு. படைப்புக் காலத்திலேயே நான்முகன் எழுதி வைத்த பட்டியல் எதுவும் இல்லை!

அப்படியானால் ஆங்கிலேயனின் குடும்பப் பெயருக்கும் நம் சாதிப் பெயருக்கும் வேறுபாடு எங்கே? ஸ்மித் என்பவன் கொல்லன் வழியினன். ஆயினும் இன்றைய ஸ்மித் பேராசிரியராகலாம், நீதிபதியாகலாம், பேக்கர் வீட்டுப் பெண்ணை மணக்கலாம். பெயரைக் கேட்டுக் கோயிற் கதவை மூடுவார் இல்லை. அங்கும் பிரபுக்கள் இருந்தனர், பண்ணையடிமைகள் இருந்தனர், பணத்திமிர் இருந்தது, இருக்கிறது. ஆனால் பெயர் வெறும் ஒலியாகத் தேய்ந்துவிட்டது, பொருள் உதிர்ந்துவிட்டது. நம் நாட்டிலோ, பெயரின் பொருளைக் காவல் காக்க ஆள் இருந்தது, சாத்திரம் இருந்தது, மணமுறை இருந்தது, தெருவும் கிணறும் சுடுகாடும் இருந்தன. தேங்காய்ப்பட்டணத்தை உள்ளடக்கிய அன்றைய திருவிதாங்கூரில், 1859இல் அரசாணை பிறக்கும் வரை, நாடார் பெண்கள் மேலாடை அணியவும் பிறவி தடையாயிருந்தது. அதே நாட்டின் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக 1924இல் போராட்டம் வேண்டியிருந்தது. பெரியார் சிறை புக வேண்டியிருந்தது. மகாராட்டிரத்து மகாத் நகரில் பொதுக் குளத்து நீரை அள்ளிக் குடிப்பதற்காக 1927இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு அணிவகுத்துச் செல்ல வேண்டியிருந்தது.

அதனால்தான், வாலை வெட்டு என்றது சுயமரியாதை இயக்கம். 1927இல் 'நாயக்கர்' என்ற பட்டத்தைத் தம் பெயரினின்று நீக்கினார் பெரியார். 1929 பிப்ரவரியில், ஊ. பு. அ. சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு தீர்மானித்தது. ஆங்கில நாட்டில் பெயரின் பொருள் உதிர ஐந்நூறு ஆண்டு ஆயிற்று. இங்கே அதை ஒரு தலைமுறையில் உதிர்க்கத் துணிந்தனர் நம் முன்னோடிகள். தமிழகத்தில் இன்று மிகப் பலர் தந்தையின் பெயர் முதலெழுத்தோடு நிற்கிறார்கள் என்றால், அது தானாக வந்ததன்று, வெட்டியதால் வந்தது.

வெட்டிய வால் மணவிளம்பரப் பத்தியில் மீண்டும் முளைக்கிறது என்பதும் உண்மை. முதலெழுத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "எந்த ஊர்? எந்தத் தெரு?" என்று சுற்றி வளைத்துக் கேட்பவரும் உண்டு. லோயிஸ் பிடல்ஃப்பைச் சுட்ட அதே கண்! பெயரில் வெட்டியதை மணப்பந்தலிலும் வெட்டினால்தான் வேலை முடியும்.

1891இல் கொடைக்கானலில் மறைந்த கால்டுவெல்லை இடையன்குடியில் அடக்கம் செய்தார்கள். 1968இல் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை எழுந்தது. தூத்துக்குடியில் அவர் பெயரால் பள்ளி ஒன்று இயங்குகிறது. நெல்லைப் பகுதியில் தம் பிள்ளைகளுக்குக் 'கால்டுவெல்' என்று பெயரிட்ட தமிழரும் உண்டு. வட இங்கிலாந்திலோ ஸ்காட்லாந்திலோ ஏதோ ஓர் ஊற்றின் பெயர், அயர்லாந்து கண்டு, அமெரிக்கா கண்டு, அடிமைச் சந்தையைக் கண்டு, தேரிக்காட்டில் தமிழ்ப் பெயராகவே ஆகிவிட்டது. அந்த ஊற்றில் முதன்முதலில் நீர் அள்ளியவன் யார், அவன் என்ன தொழில் செய்தான், யாரை மணந்தான் என்று எவரும் கேட்பதில்லை. தாகமுள்ளவன் வந்தான், குடித்தான், ஊற்றின் பெயரோடு நடந்தான்.

நம் ஊர்க் கிணறுகளும் அப்படி ஆக வேண்டும். பெயர் கேட்காமல் நீர் தரும் நாளில்தான், நம் பெயர்களும் வெறும் பெயர்களாகும்.